நாள்வழியில் நிற்கும் கடிதங்கள்

பெருந்துறை சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள ஆலை அலுவலகங்களில் கணக்கு எழுதும் முறையைக் குறை சொல்ல முடியாது. அன்றைய வரவு செலவு நாள்வழியில் ஏறும். அங்கிருந்து பேரேட்டில் அவரவர் பெயருக்குப் போகும். இன்று டேலி அதைத் தானே செய்துவிடுகிறது. ஆனாலும் நாள்வழியில் விழுந்தது அங்கேயே கிடக்கக் கூடாது என்ற புத்தி கொங்கு வியாபாரிக்குப் பரம்பரையாக வந்தது. அதே அலுவலகத்தின் மின்னஞ்சலைத் திறந்தால் வேறு உலகம். லேப் டிப்புக்கு பையர் கொடுத்த ஒப்புதல், வங்கி அனுப்பிய எல்.சி. திருத்தம், ஜி.எஸ்.டி. அறிவிப்பு, யாரோ அனுப்பிய கண்காட்சி விளம்பரம் எல்லாம் வந்த வரிசையில் கிடக்கின்றன. படிக்காதது தடித்த எழுத்து, படித்தது மெல்லிய எழுத்து. அதற்கு மேல் பாகுபாடு கிடையாது. அவுட்லுக்கோ ஜிமெயிலோ, இன்பாக்ஸுக்குப் பக்கத்திலேயே காலண்டர் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் கூட்டத்துக்கு அழைத்தால் மட்டும் அதில் ஒரு கட்டம் நிறம் மாறும். இன்பாக்ஸ் நாள்வழி, காலண்டர்தான் பேரேடு என்பது என் கட்சி. கடிதத்தில் இருக்கும் தேதியை அன்றன்றே காலண்டரில் ஏற்றாத அலுவலகம் அஞ்சலைப் பார்க்கிறது, அவ்வளவுதான், நிர்வகிக்கவில்லை.

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல, சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13-ஆம் பிரிவில், ஒரு மின் ஆவணம் எப்போது ‘வந்து சேர்ந்ததாக’க் கொள்ளப்படும் என்று சொல்கிறது. இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று நாமே குறித்துக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டிக்குள் அது நுழைந்த நேரமே வந்து சேர்ந்த நேரம். திறந்தோமா, படித்தோமா என்பது கேள்வியே இல்லை. நாம் குறித்துக் கொடுக்காத வேறு முகவரிக்குப் போயிருந்தால்தான் எடுத்துப் பார்த்த நேரம் கணக்கு. மின்னஞ்சலிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும் என்பதும் தீர்ந்துபோன விஷயம். 2007 அக்டோபரில் துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் நிறுவனமும் வேதாந்தா அலுமினியமும் பாக்சைட் தாது வாங்கல் விற்றலை மின்னஞ்சல்களில் பேசி முடித்தன. முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து ஆகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பத்திரம் இல்லை என்பதால் ஒப்பந்தம் இல்லாமல் போகாது, மின்னஞ்சலில் கொடுத்த ஒப்புதலே கட்டுப்படுத்தும் என்று 2010 ஜனவரியில் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ப. சதாசிவம் நம் ஈரோடு மாவட்டத்துக்காரர், பவானி பக்கம் காடப்பநல்லூர். பின்னாளில் தலைமை நீதிபதி ஆனவர். அவசரத்தில் ‘சரி’ என்று தட்டி அனுப்பும் ஒரு வரியும் கையெழுத்துப் போட்டதற்குச் சமம் என்பதை இந்த வட்டாரத்துக்காரர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஆலைக்கு வரும் கடிதங்களில் எத்தனை தேதிகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் வங்கியில் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும், எல்.சி. காலாவதி அதற்கு முன்பே வந்தால் அதுதான் கெடு. உலக வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதி அது. சிறு, குறு நிறுவனத்திடம் நூலோ அட்டைப்பெட்டியோ வாங்கினால், குறை இருக்கிறது என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே 2006-ஆம் ஆண்டின் சட்டம் கொள்ளும். பிறகு 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஜி.எஸ்.டி. பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு வரும் அறிவிப்புக்குப் பதில் சொல்ல ஏழு வேலை நாட்கள்தான். இந்தக் கடிதங்கள் ஒவ்வொன்றும் வந்த நாளில் அவசரமாகத் தெரியாது. தெரிகிற நாளில் மேலே ஐந்நூறு கடிதம் ஏறியிருக்கும். அலுவலகச் சுவரில் சிவகாசிக் காலண்டர் தொங்குகிறது. ராகுகாலம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதவர்கள் நாம். நேரம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. அந்தக் கவனத்தில் கால் பங்கு 21-ஆம் நாளுக்கும் கிடைத்தால் போதும். வேலையும் பெரிதல்ல. பழைய அவுட்லுக்கில் கடிதத்தை அப்படியே இழுத்துக் காலண்டர் குறியின் மேல் போட்டால், கடித வாசகத்தோடு ஒரு பதிவு திறந்துகொள்ளும். கெடு தேதியையும், அதற்கு நான்கு நாள் முன்னதாக ஒரு நினைவூட்டலையும் போட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போகலாம்.

‘வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் நடக்கிறதே, இதெல்லாம் எதற்கு?’ என்பதுதான் இங்கே முதலில் வரும் கேள்வி. வேகத்தில் வாட்ஸ்அப்பை மின்னஞ்சல் நெருங்க முடியாது. சாயப்பட்டறையிலிருந்து துணியின் நிறத்தைப் படம் பிடித்து அனுப்ப அதைவிட நல்ல வழி இல்லை. அதில் பேசியது சாட்சியாகாது என்பதும் தவறு, ஆகும். ஆனால் 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அந்தக் கருவி யார் பொறுப்பில் இருந்ததோ அவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழைக் கேட்கிறது. கருவி யாருடையது? மெர்ச்சண்டைசருடைய சொந்த போன். அவர் நாளை திருப்பூரில் ஐயாயிரம் கூடக் கிடைக்கிறது என்று போய்விட்டால், மூன்று வருட பையர் பேச்சும் அவர் சட்டைப்பையில் கூடவே போய்விடும். பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும். முடிவானதை இரண்டு வரியில் மின்னஞ்சலில் எழுதிவிடுவது பையரை நம்பாததாக ஆகாது. சொந்த மச்சானுக்குக் கொடுத்த கடனையும் பேரேட்டில் எழுதுகிற ஊர் இது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. காலண்டரைத் திறந்து வைத்தால் அடுத்தவர் வந்து நம் நேரத்தில் உட்கார்ந்துகொள்வார், இரவும் பகலும் அஞ்சலுக்கே அடிமையாவோம் என்பது. இதில் உண்மை உண்டு. நியூயார்க் பையர் தன் காலை 9 மணிக்கு வாரக் கூட்டம் வைத்தால், நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறார்கள், ஐரோப்பியர்கள் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் அமெரிக்கக் கூட்டம் மட்டும் நகர்ந்து ஐரோப்பியக் கூட்டத்தோடு மோதவும் செய்யும். பிரான்ஸ் 2017-லேயே வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. இந்தியாவில் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை நமக்கு இருக்கிற ஒரே வேலி அதே காலண்டர்தான். வெற்றாக விட்ட காலண்டரில்தான் அடுத்தவர் வந்து உட்காருவார். கட்டிங் பார்க்கும் நேரம், ஆடிட்டர் வரும் நாள், வீட்டு விசேஷம் எல்லாம் முன்பே ஏறியிருந்தால் அழைப்பவருக்கே நாம் ஓய்வாக இல்லை என்று தெரியும். அஞ்சல் பார்ப்பதற்கும் காலை ஒரு நேரம், மதியம் ஒரு நேரம் என்று அதிலேயே குறித்துவிடலாம். ஒவ்வொரு ‘டிங்’ சத்தத்துக்கும் எழுந்து ஓடுவது சுறுசுறுப்பில் சேராது.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ஆம் பிரிவுப்படி, பதிவின்போது நாம் கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலே அறிவிப்பு சார்பு செய்யப்பட்டதாகும். அந்த முகவரி பல நிறுவனங்களில் ஆடிட்டர் அலுவலகத்துடையதாகவோ, எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்கருடையதாகவோ இருக்கிறது. போர்ட்டலில் நுழைந்து உங்களுடையது யாருடைய முகவரி என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில், இரண்டு பேராவது திறந்து பார்க்கக்கூடிய ஒரு முகவரியை அங்கே போடுங்கள்.