கைதட்டலைத் திருப்பித் தருகிறேன்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் மன்றத்து மேடையில் நான் பேசியதை உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். மறந்தவர்கள் பாக்கியசாலிகள், இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த சிறுகதைக்குப் போய்விடலாம். மறவாத அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

"கடல் கடந்த தமிழன்" என்பது எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு. பேச்சின் முடிவில் கரிய ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்தேன். "இது அரிக்கமேட்டு ஓடு! வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் இதன் அழகைக் கண்டு, இது ரோமாபுரியிலிருந்து வந்த கலை என்றார். இல்லை! அரிக்கமேட்டு மண்ணில் அரிக்கமேட்டுக் குயவன் வனைந்தது இது. என் தாத்தாவின் பாட்டனுக்குப் பாட்டன் வனைந்தது!" என்று முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சீழ்க்கையும் வந்தது. அந்தக் கைதட்டலில் சரிபாதியை இப்போது நான் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. ஏன் பாதி என்பதைப் பின்னால் சொல்கிறேன். சீழ்க்கையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் சீழ்க்கை அடித்ததில்லை.

முதலில் அந்தச் சில்லு என் கைக்கு வந்த கதை. என் ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. என் தாயைப் பெற்ற தாத்தா மண்பாண்டம் வனைகிறவர். பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், இடையில் பூந்தொட்டி என்று இன்றைக்கும் அவர் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சிறுவனாக இருந்த காலத்தில், மழை அரித்த ஆற்றங்கரையில் அந்தச் சில்லை அவர் பொறுக்கியிருக்கிறார். அப்போது கேட்பார் இல்லை. இன்று அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது. இதைப் படித்துவிட்டு விடுமுறையில் யாரும் பையோடு புறப்பட்டுவிடாதீர்கள்.

தாத்தா அதைத் தம் கொட்டகையின் மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் துண்டு. மேற்புறம் எண்ணெய் தடவியது போன்ற கறுப்பு. ஒடிந்த ஓரத்தில் சாம்பல் நிறம். நகத்தால் சுண்டினால் வெண்கலக் கிண்ணம் போல் ஒலிக்கும். உட்புறத்தில், எறும்புகள் சாரி சாரியாக வட்டமிட்டுப் போனது போல நுண்ணிய கீறல்கள். அந்த வட்டத்தின் வளைவை வைத்துப் பார்த்தால், உட்புறம் மடிந்த விளிம்பும் தட்டையான அடியும் கொண்ட ஓர் அகன்ற தட்டின் நடுப்பகுதி அது. ஆராய்ச்சியாளர் இவ்வகையை ரௌலட் மட்கலம் என்பார்கள்.

தாத்தாவுக்கு அந்தக் கீறல்கள் ஒரு பித்து. பாதி உலர்ந்த தட்டைச் சக்கரத்தில் ஏற்றி, வளையும் தகரப் பட்டை ஒன்றை அதன்மேல் லேசாகப் பிடிப்பார். சக்கரம் சுழலும்போது பட்டை துள்ளித் துள்ளி விழும். விழுந்த இடமெல்லாம் ஒரு கீறல். "பாத்தியா ராசா, அச்சும் இல்ல ஒண்ணும் இல்ல, துள்ள வுட்டுட்டான் அவன்" என்பார். ஆராய்ச்சியாளரிலும் இப்படிக் கருதுவோர் உண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். கீறல் தாத்தாவுக்கு வந்துவிட்டது. மெலிவுதான் வரவில்லை. அவ்வளவு மெல்லிதாக இழுத்தால் காய்கிறபோதே தட்டு கீறிவிடும். தப்பினால் சூளையில் வெடிக்கும். மண்ணை மூன்று முறை அரித்துப் பார்த்தார், வண்டலை மட்டும் எடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. "முன்னோருக்குக் கை இருந்துது, எனக்கு இல்ல" என்று பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார். மண்ணைச் சந்தேகிக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இந்தத் தாத்தாவின் பேரன் மேடையில் வேறு எப்படிப் பேசுவான்?

பேச்சில் சரியாக இருந்த பாதியைச் சொல்லிவிடுகிறேன். 1944-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனபோது, அலமாரி ஒன்றிலிருந்து மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கையில் அகப்பட்டன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரி போய், 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் தெரியும். ஆகவே பக்கத்தில் கிடைத்த நம் நாட்டுக் கலங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய ஊன்றுகோல். ஆனால் ரௌலட் கலத்தின் கீறல் அலங்காரமும் மேற்கிலிருந்து வந்த வித்தை என்று வீலர் கருதினார். பின்னர் விமலா பெக்லி அரிக்கமேட்டுச் சான்றுகளை மீண்டும் அலசி, 1989 முதல் 1992 வரை அங்கே அகழாய்வும் நடத்தினார். ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே ரௌலட் கலம் இங்கே புழங்கியது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. ஆக, ரோமாபுரியுடையது அன்று என்று நான் முழங்கியது சரி. அதற்கான கைதட்டலை வைத்துக்கொள்கிறேன்.

மற்றப் பாதி ஆய்வகத்தில் கரைந்தது.

விழா முடிந்த மறுவாரம் எங்கள் துறையின் ஆய்வகப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் பேச்சின் சாரத்தை யாரோ ஆங்கிலத்தில் அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "எங்கே எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத சில்லு ஆராய்ச்சிக்கு ஆகாது. பாடத்துக்கு ஆகும். உன் தாத்தா சம்மதித்தால் ஓரத்தில் நகக்கண் அளவு கொண்டு வா. அவர் மண்ணிலும் ஒரு கட்டி கொண்டு வா" என்றார். ஊருக்குத் தொலைபேசியில் கேட்டேன். தாத்தா யோசித்தார். "சோதிச்சா நம்மளுதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?" என்றார். குடுப்பாங்க தாத்தா என்றேன். கோடை விடுமுறையில் அவரே குறடால் ஓரத்தை ஒடித்துக் காகிதத்தில் மடித்துத் தந்தார்.

மட்கலத்தை விஞ்ஞானம் எப்படி விசாரிக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய முறை, சீவிப் பார்ப்பது. ஓட்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். அது தலைமயிரைவிட மெல்லியது. அந்த அளவில் கல்லும் ஒளியை விடும். முனைவாக்கிய ஒளியில் நுண்பெருக்கி வழியாகப் பார்த்தால், மண்ணுக்குள் இருக்கும் மணல் ஒவ்வொன்றும் தன் குலத்தைச் சொல்லிவிடும். துறையில் பாடத்துக்கென்று வைத்திருக்கும் தகடு ஒன்றில் இத்தாலிய மதுச் சாடியின் சீவல் இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது நான் மூச்சு விட மறந்தேன். எரிமலை மணல், ஆகைட் என்ற கனிமம் பச்சையும் நீலமுமாகக் கோயில் திருவிழா விளக்கு மாதிரி மின்னுகிறது. நேப்பிள்ஸ் விரிகுடாவின் எரிமலைப் பக்கத்தில் செய்த சாடி என்பதை அதுவே சொல்லிவிடும்.

என் சில்லின் சீவலைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடி மணல், பளிச்சிடும் அப்பிரகத் துணுக்குகள், மற்றபடி வெறும் களி. முரட்டுச் சாடி வாயாடி. உயர்ந்த தட்டு ஊமை. அவ்வளவு நயமாக அரித்த மண்ணில் மணல் ஏது?

ஊமையைப் பேச வைக்க எக்ஸ் கதிர் வேண்டும். ஓட்டைப் பொடித்து அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய கோணத்தில் கதிரைத் திருப்பும். தாளில் மலைத்தொடர் போல் ஒரு கோடு விழும். எந்தச் சிகரம் எங்கே, எது எதைவிட உயரம் என்பதை வைத்து மண்ணை மண்ணோடு ஒப்பிடலாம். ஆனால் பச்சை மண்ணைச் சுட்ட ஓட்டோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்; சூட்டில் களிமண் கனிமங்கள் சிதைந்துவிடும். அதனால் தாத்தாவின் மண்ணில் சிறு சிறு வில்லைகள் செய்து, மின்சார உலையில் 600, 700, 800 டிகிரி என்று வைத்துச் சுட்டேன். கைப்பக்குவம் போதாமல் முதல் இரண்டு வில்லைகள் வெடித்தன. குலப்பெருமை பேசியவனின் குலத்தொழில் இலட்சணம் அப்படி.

இரண்டு மலைத்தொடர்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். எந்தச் சூட்டிலும் பொருந்தவில்லை. தாளைத் திருப்பி வைத்துக்கூடப் பார்த்தேன், நம்புங்கள்.

பேராசிரியர் பேசாமல் நூலகத்துக்கு அனுப்பினார். புனே டெக்கான் கல்லூரியின் விஸ்வாஸ் கோக்தே 1997-இல் வெளியிட்ட கட்டுரை அங்கே இருந்தது. அரிக்கமேடு முதலிய இடங்களின் ரௌலட் கலங்களை இதே எக்ஸ் கதிர் முறையில் ஆராய்ந்து, அவற்றின் மண் வங்காளத்துச் சந்திரகேதுகர், தம்லுக் வட்டாரத்து மண் என்று அவர் முடிவு கூறியிருந்தார். அதற்கும் முன்பே, பாலித் தீவின் செம்பிரானில் கிடைத்த ரௌலட் கலமும் அரிக்கமேட்டுக் கலமும் ஒரே மூலத்தவை என்ற கருத்து வெளிவந்திருந்தது. 2005-இல் ரசாயன மூலகங்களை அளந்த வேறோர் ஆய்வும் இக்கலங்களின் மண் ஒரே வகையைச் சேர்ந்தது என்றே சொன்னது. நான் மேடை ஏறிய அன்று இவ்வளவும் எங்கள் நூலகத்தில், என் அறையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தன. "படித்துவிட்டுப் பேசினாயா, பேசிவிட்டுப் படிக்கிறாயா?" என்று பேராசிரியர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

செய்தது ஒரே ஊரா, பல ஊர்களா என்பதில் ஆய்வாளரிடையே வாதம் முற்றிலும் ஓயவில்லை. அந்த இடுக்கில் புகுந்து தப்பிக்கலாமா என்றும் பார்த்தேன். ஆனால் தாத்தாவின் மண் அன்று என்பதை என் கையாலேயே சுட்டு, என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே! பேராசிரியர் ஆறுதலாக ஒன்று சொன்னார். இந்தியாவில் ரோமச் சாடிகள் என்று எண்ணி வைத்திருந்த துண்டுகளில் சில, மெசொப்பொத்தேமியப் பக்கத்துச் சாடிகள் என்று ராபெர்ட்டா டாம்பர் 2007-இல் எடுத்துக்காட்டினாராம். "பெரிய பெரிய அருங்காட்சியகங்களே சீட்டை மாற்றி எழுதின. நீ ஒரு பேச்சை மாற்றக் கூடாதா?" என்றார்.

பேச்சை மாற்றலாம். தாத்தாவிடம் எப்படிச் சொல்வது? "குடுப்பாங்க" என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

இரண்டு வாரம் தொலைபேசியைத் தவிர்த்தேன். மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். சுற்றி வளைத்து, எக்ஸ் கதிர், சிகரம், கோணம் என்றெல்லாம் சொல்லி, கடைசியில், "மண்ணு நம்ம ஊரு மண்ணு இல்ல தாத்தா. வங்காளத்து மண்ணுன்றாங்க" என்றேன்.

வெகுநேரம் சத்தமில்லை. சக்கரம் சுற்றுகிற ஒலிகூடக் கேட்கவில்லை. பிறகு கோபமாகத்தான் ஆரம்பித்தார். "மண்ணு எந்த ஊருன்னு சொல்லுது உன் மிசினு. கை யாரு கையின்னு சொல்லுதா?"

"சொல்லாது தாத்தா."

"பின்ன என்னாத்தக் கண்டீங்க?"

அது நியாயமான கேள்வி. அதைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவரும் சிரிக்கவில்லை. மண் எங்கே எடுத்தது என்பது வேறு, வனைந்தவன் யார் என்பது வேறு; முன்னதை மட்டுமே நாம் அளக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்.

நான் போனை வைக்கப் போனேன். "இரு, இரு" என்றார் தாத்தா. குரல் மாறியிருந்தது. "அப்போ என் கை மேல தப்பு இல்லியா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இல்லை தாத்தா, இந்த மண்ணில் அது வராதாம் என்றேன். "நாப்பது வருசம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்த மண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

என் அறைத்தோழன் வங்காளி. அதிலும் தம்லுக்குக்குப் பக்கத்தூர்க்காரன். சொன்னால் கதை என்பீர்கள், ஆனால் உண்மை. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பைச் சகித்துக்கொண்டேன். துர்க்கா பூஜை விடுமுறைக்குப் போனவன் ஆற்று வண்டலில் இரண்டு கிலோவைச் செய்தித்தாளில் சுற்றி, தன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தான். சட்டைகள் என்ன ஆயின என்பதைக் கேட்க வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்குப் போன நம் மன்றத்துத் தம்பி ஒருவர் அதைத் தாத்தாவிடம் சேர்த்தார்.

போன ஞாயிறன்று தாத்தா கூப்பிட்டார். மூன்று தட்டு இழுத்தாராம். ஒன்று காயும்போதே போயிற்று. ஒன்று சூளையில் வெடித்தது. மூன்றாவது நின்றுவிட்டதாம். பழைய சில்லின் அளவுக்கு மெலிவில்லை. ஆனாலும் சுண்டினால் சத்தம் வருகிறதாம். போனுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டியும் காட்டினார். இங்கே விடுதிக் கூச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை; கேட்டது என்று சொன்னேன்.

"இன்னும் அஞ்சு கிலோ கெடைக்குமான்னு அந்தப் புள்ளயக் கேளு" என்றார்.

கேட்டேன். கிலோவுக்கு ஒரு டப்பா முறுக்கு என்கிறான்.