எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும்

எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாரும் எண்களை அறிந்தவர்கள் அல்லர் என்பதை நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகே கற்றுக் கொண்டேன். அதைக் கற்பதற்குள் ஈராண்டுக் காலம் ஒரு மூத்த பெண்மணியின் மீது வீண் சந்தேகத்தைச் சுமந்து திரிந்தேன். வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதுகிறேன் என்றால், என்னைப் போன்ற சகோதரி எவரும் அந்தத் தவற்றைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எங்கள் காலத்தில் பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுவிடும். எட்டாம் வகுப்போடு எனக்கும் நின்றது. மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். கூட்டல், கழித்தல் தெரியும். கடையின் பற்று வரவு நோட்டை நானே எழுதுவேன். அதுவே கணக்கின் முழுமை என்று எண்ணியிருந்தேன்.

2002 இல் என் கணவர் வஃபாத்தானார். மகள் ஏழாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும் இருந்தார்கள். இத்தாக் காலம் முடிந்த பின், கடன்களை அடைத்து எஞ்சிய சொத்தைப் பங்கு வைக்கக் குடும்பத்துப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மனை விற்ற பணம் 7,20,000 ரூபாய் இருந்தது. நான் திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்தேன். ஒரு பெரியவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு."

எனக்கு 90,000 ரூபாய் வந்தது. மாமியாருக்கு 1,20,000 ரூபாய் போயிற்று. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். ஆனால், மனத்துக்குள் ஒரு முள் தைத்தது. எட்டு பெரிதா, ஆறு பெரிதா? எட்டுக்குரியவளுக்குத் தொண்ணூறாயிரம், ஆறுக்குரியவருக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரமா? காகிதத்தைப் படித்தவர் மாமி வழியில் உறவினர் என்பதும் நினைவுக்கு வந்தது. கேட்டுவிடலாமே என்கிறீர்களா? அத்தனை ஆண்கள் கூடியிருந்த சபையில், எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம் வாயை அடைத்துவிட்டது.

கேட்காத கேள்வி உள்ளேயே கிடந்து புளித்தது. மாமி அடுத்த தெருவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். பெருநாளைக்குப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினேன். ஒருமுறை அவர்கள் ஒரு பாத்திரம் நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பியபோது, பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகவே திருப்பியனுப்பினேன். வந்த பாத்திரத்தில் ஒரு பிடிச் சர்க்கரையாவது போட்டனுப்பும் வழக்கமுள்ள நம் வீடுகளில் அதன் பொருள் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

2004 இல் என் மகள் ஒன்பதாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வில், கணிதத்தில் நூற்றுக்கு 27 மதிப்பெண் வாங்கி வந்தாள். "எனக்குக் கணக்கு வராது, உம்மா" என்று அழுதாள். "பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதுமே" என்றார்கள் சுற்றத்தார். எட்டாம் வகுப்பில் என்னை நிறுத்தியதும் இதே சொற்களால்தான். என்னால் அதைப் பொறுக்க இயலவில்லை. "நாளை முதல் இஷாவுக்குப் பிறகு நீ எனக்குப் பாடம் நடத்து. எனக்குப் புரிய வைத்தாயானால் உனக்கும் புரிந்துவிடும்" என்றேன்.

முதல் நாள் இயல் எண்கள். 1, 2, 3 என்று நீள்பவை. அவற்றுள் மிகச் சிறியது 1. மிகப் பெரியது என்று ஒன்றில்லை. எந்த இரண்டு இயல் எண்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். இதனை அடைவுப் பண்பு என்று புத்தகம் கூறியது. ஆனால், 5 லிருந்து 5 ஐக் கழித்தால் விடை அக்குடும்பத்தில் இல்லை. எனவே 0 சேர்ந்தது. முழு எண்கள் உண்டாயின. 3 லிருந்து 5 ஐக் கழித்தால் அங்கும் விடை இல்லை. எனவே குறை எண்களும் சேர்ந்து முழுக்கள் ஆயின. ஒரு வீடு போதாதபோது அதனை இடிக்காமல், அதனை உள்ளடக்கி இன்னும் பெரியதாகக் கட்டிக் கொள்வதைப் போல எண்களின் உலகம் விரிந்தது.

குறை எண்களில் மகள் தடுமாறினாள், நான் தடுமாறவில்லை. கடன் நோட்டு எழுதியவளுக்குக் குறை எண் புதியதா என்ன? "குறையைக் குறையால் பெருக்கினால் மிகை எப்படி வரும்?" என்று அவள் கேட்டாள். "நாம் பிறருக்குத் தர வேண்டிய நூறு ரூபாய்க் கடன்கள் மூன்று இருக்கின்றன. அந்த மூன்றையும் அவர்கள் தள்ளுபடி செய்துவிட்டால் நமக்கு என்ன ஆகும்?" என்றேன். "முந்நூறு ரூபாய் மிச்சம்" என்றாள்; சொன்னவுடன் அவள் முகம் மலர்ந்தது. கி.பி. 628 இல் பிரம்மகுப்தரும் இவ்வெண்களைச் செல்வம், கடன் என்ற பெயர்களால்தான் விளக்கினார் என்று பின்னாளில் படித்து வியந்தேன்.

கூட்டலிலும் பெருக்கலிலும் எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது; அது பரிமாற்றுப் பண்பு. கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் அந்தப் பண்பு இல்லை. எட்டு ரூபாயை ஆறு பேருக்குப் பகிர்வதும் ஆறு ரூபாயை எட்டுப் பேருக்குப் பகிர்வதும் ஒன்றாகுமா?

அடுத்து விகிதமுறு எண்கள் வந்தன. மேலே ஒரு முழு, கீழே ஒரு முழு. கீழே உள்ளது மட்டும் பூச்சியமாக இருக்கக் கூடாது. 6 ஐ 0 ஆல் வகுத்தால் விடை என்ன என்று கேட்பது, எந்த எண்ணை 0 ஆல் பெருக்கினால் 6 வரும் என்று கேட்பதாகும். அப்படி ஓர் எண் இல்லை. இதுவரை சரளமாக வந்த மகள், "1/8, 1/6 இவற்றில் எது பெரிது, உம்மா?" என்று கேட்டாள்.

"எட்டில் ஒன்றுதான்" என்றேன், சற்றும் தயங்காமல்.

அவள் சிரித்துக் கொண்டே அடுக்களைக்குப் போய், அரிசிப் பானையிலிருந்த ஆழாக்கை எடுத்து வந்தாள். "ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?"

"எட்டு."

"ஆறே தடவை அளந்து ஒரு படியை நிரப்ப வேண்டுமானால் இந்த ஆழாக்கு போதுமா?"

"போதாது. இதைவிடப் பெரிய அளவை வேண்டும்..." என்று சொல்லத் தொடங்கிய நான் பாதியில் நின்றுவிட்டேன். அரைக்கால் படி என்றால் காலில் பாதி என்பது எனக்குச் சிறு வயது முதலே தெரியும். எட்டில் ஒன்று என்பதும் அந்த அரைக்கால்தான் என்பது மட்டும் அன்றுவரை தெரியாது. பங்குகள் கூடக் கூட ஒவ்வொரு பங்கும் சிறுக்கும் என்பதை என் கையிலிருந்த ஆழாக்கே ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறது. நான் செவி கொடுக்கவில்லை.

நடுங்கும் குரலில், "வாப்பாவின் சொத்துக் கணக்கை முழுவதும் போட்டுக் காட்டு" என்றேன். 8, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 24. எனவே என் பங்கு 3/24. மாமியின் பங்கு 4/24. இரண்டும் போக மீதி 17/24. அதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என மூன்றாக்க வேண்டும். 17 பகா எண், மூன்றால் வகுபடாது. எனவே மொத்தத்தை 72 பங்காக்கினாள். எனக்கு 9, மாமிக்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டினால் 72. ஒரு பங்கு பத்தாயிரம் ரூபாய். ஒரு காசு கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்தப் பெரியவர் நேர்மையாகவே பங்கிட்டிருந்தார். குறை இருந்தது என் அறிவில்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலையில் வட்டிலப்பம் செய்து, பாத்திரம் நிறைய எடுத்துக் கொண்டு மாமியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள் என்னைக் கண்டதும் எழ முயன்றார்கள். நான் அவர்கள் கையைப் பற்றிக் கொண்டு நடந்ததை எல்லாம் சொல்லி, மன்னிக்கும்படி வேண்டினேன். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அந்தக் கணக்குத் தெரியாது, மகளே. கொடுத்ததை வாங்கிக் கொண்டேன். நீ ஏன் வரவில்லை என்றுதான் இரண்டு வருடமும் எண்ணிக் கொண்டிருந்தேன்" என்றார்கள். அன்று பகல் அங்கேயே உண்டேன். 2006 இல் அவர்கள் மறைந்தார்கள். இடையில் கிடைத்த அந்த இரண்டாண்டுகளை அந்த ஆழாக்குத்தான் எனக்குத் தந்தது.

எங்கள் இரவுப் பாடம் தொடர்ந்தது. பக்கம் ஓர் அடியுள்ள சதுரக் கைக்குட்டையை மூலைக்கு மூலை அளந்தால் நீளம் √2 அடி. அதை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாதாம். எழுத முடியும் என்று கொண்டு, அந்தப் பின்னத்தை இயன்றவரை சுருக்கிவிட்டதாக வைத்துக் கொள்வோம். மேல் எண்ணின் வர்க்கம் கீழ் எண்ணின் வர்க்கத்தைப் போல இரு மடங்காகும். ஆகவே மேல் எண் இரட்டை எண். அப்படியானால் அதன் வர்க்கம் நான்கால் வகுபடும். ஆகவே கீழ் எண்ணும் இரட்டை எண். இரண்டும் இரட்டையானால் இன்னும் சுருக்கலாமே! சுருக்கி முடித்தோம் என்றது பொய்யாகிறது. இத்தகையவையே விகிதமுறா எண்கள். விகிதமுறு எண்களும் இவையும் சேர்ந்தவை மெய்யெண்கள்.

அரபுக் கணித அறிஞர்கள் இத்தகைய மூலங்களை 'அஸம்ம்', அதாவது செவிடு, என்று அழைத்தார்கள். அச்சொல்லின் பொருளே இலத்தீனுக்குச் சென்று, இன்று 'சர்டு' என்று வழங்குகிறது. பூச்சியத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸிஃப்ர்'. வெறுமை என்று பொருள். அதிலிருந்தே 'சீரோ' பிறந்தது. கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய அல்-ஜப்ர் நூலே 'அல்ஜிப்ரா' என்ற பெயரைத் தந்தது. அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனம், வாரிசுரிமை பற்றிய கணக்குகளே என்று அறிந்தபோது என் கண்கள் கலங்கின. எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த பங்கீட்டைப் போன்ற ஒன்றுக்காக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஓர் அறிஞர் அமர்ந்து எழுதியிருக்கிறார். நானோ அதே கணக்கைக் கேட்கக் கூசி, ஈராண்டு உறவை இழந்து நின்றேன்.

மகள் அவ்வாண்டு முழுத் தேர்வில் 61 மதிப்பெண் பெற்றாள், படிப்பு நிற்கவில்லை. பின்னர் வணிகவியலில் பட்டமும் பெற்றாள்.

அன்புச் சகோதரிகளே! உங்கள் பங்கை யாரேனும் படித்துச் சொன்னால், அது எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். சபையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், வீட்டுக்கு வந்த பின்னராவது கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது. கேட்காமல் மனத்தில் வைத்துக் கொள்வதே அவநம்பிக்கையை வளர்க்கிறது. உங்கள் பெண் மக்களுக்குப் பின்னங்களைக் கற்பியுங்கள். புத்தகத்தில் புரியாவிட்டால், அடுக்களையில் ஓர் ஆழாக்கு இருக்கத்தான் செய்யும்.