மந்தம் என்னும் சொல்

பள்ளிப்பட்டில் அரபுப் பாட வகுப்பில் வாய் திறவாதிருந்த மாணவன் ஒருவனை 'மந்தன்' என்று கடிந்தேன். மறுநாள் அவன் வரவில்லை.

அன்றிரவு மகளின் வேதியியல் நூலைப் புரட்டினேன். எதனோடும் சேராதென்று கருதிச் செனானையும் முன்னாளில் 'மந்த வாயு' என்றே அழைத்தனராம். ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்த பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு செனானையும் விடாதென எண்ணி, 1962இல் வான்கூவரில் நீல் பார்ட்லெட் இரண்டையும் சேர்த்தார், திடப்பொருளொன்று உண்டாயிற்று. பின்னர் செனான் டிரை ஆக்சைடும் கிடைத்தது. நீரில் கரைந்து செனிக் அமிலமாய் இருக்கையில் அது அடங்கியிருக்கும். உலர்ந்தாலோ சிறு உராய்விலும் வெடிக்கும்.

வாயுவின்மீது சுமத்திய பெயரே பிழையாயிற்று. நானும் அதையே செய்திருந்தேன்.

விடிந்ததும் அவன் வீடு சென்று, "தம்பி, நான் சொன்னது தவறு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கிதாபை எடுத்துக்கொண்டு உடன் நடந்தான்.