சண்டைக்கு நடுவுல ஒரு நலம் விசாரிப்பு

லிங்கன் 1855 ஆகஸ்ட் 24ல எழுதின கடிதத்தை நேத்து ராத்திரி படிச்சேன்.
நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதினது.

ஸ்பிரிங்ஃபீல்டுல கடை மாடியில ஒரே அறையில வாழ்ந்தவங்க.
ஸ்பீடு கென்டக்கிக்காரர். அடிமைகளை வச்சிருந்த குடும்பம்.

லிங்கன் எதையும் மழுப்பல.
1841ல படகுல ரெண்டு பேரும் பார்த்த, விலங்கு மாட்டின அடிமைகளை ஞாபகப்படுத்துறார். அந்தக் காட்சி இன்னும் வதைக்குதாம்.
அடிமை முறைக்காக அப்போ கான்சாஸ்ல நடந்த வாக்குப்பதிவு அநியாயத்தையும் விடல.

கடைசியில ஸ்பீடோட மனைவிக்கு அன்பைச் சொல்லி, இந்த விஷயத்துல உன்னைவிட அவங்கதான் என் பக்கம்ங்கிறார்.
என்னைக்கும் உன் நண்பன்னு முடிக்கிறார்.

போன தேர்தலோட பேச்சை நிறுத்தின என் நண்பன் ஞாபகத்துக்கு வந்துட்டான்.
அவங்க அம்மா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்.

இன்னைக்கு காலையில அவனுக்கு போன் பண்ணிட்டேன்.
நீங்களும் ஒருத்தருக்குப் பண்ணுங்க.