பனமரத்துப்பட்டிக்கு எந்தச் சாலை வேண்டும்?

சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி உள்ளே தள்ளியிருக்கும் பேரூராட்சி பனமரத்துப்பட்டி. சேலம் நகரின் குடிநீருக்காக 1911-ல் கட்டப்பட்ட ஏரியால் பெயர் பெற்றது. நெடுஞ்சாலை பக்கத்தில் இருந்தாலும், ஊருக்குள் வர 'பனமரத்துப்பட்டி பிரிவில்' திரும்பியாக வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு வந்த பெரிய திட்டம், 2018-ல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை. சுமார் 277 கிலோமீட்டர். நாழிக்கல்பட்டி, நிலவாரப்பட்டி விவசாயிகளின் தென்னந்தோப்பும் கிணறும் அதன் வரைபடத்துக்குள் வந்தன. நில எடுப்பு அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, நில எடுப்பைத் தொடர அனுமதித்தது.

இத்தகைய வேகச்சாலை இரு பெருநகரங்களை இணைக்கும். இடையில் உள்ள ஊர், ஏறி இறங்க வழியில்லாவிட்டால், அதை வேடிக்கைதான் பார்க்கும். வளரும் சிற்றூருக்குத் தேவை வேறு: பிரிவில் பாதுகாப்பான கடவை, அணுகுசாலை, இரவிலும் ஓடும் டவுன் பஸ், பூ விவசாயிகள் மூட்டை ஏற்ற நிழலுள்ள நிறுத்தம். ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளைக் கடக்கும் இடங்களில் போதிய அகலத்தில் பாலம் வேண்டும். குழாய் பதித்து மண்ணால் மூடினால் மழைநீர் தேங்கும். செலவும் குறைவான இந்த வேலைகளே முதலில் நடக்க வேண்டியவை.