அப்பாவுக்குச் சேவ் எடுக்கத் தெரியுமா?

ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் புறப்படும் நேரம் எங்கள் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் தாடிக்குத்தான் முதலிடம். "உந்தத் தாடியை வழிச்சுப்போட்டு வா, செத்தவீட்டுக்காரன் மாதிரி நிக்கிறாய்" என்று அம்மா சொல்லுவா. "இது ஸ்டைல் அம்மா" என்று மகன் சொல்லுவான். அப்பா காரில் இருந்து ஹோர்ன் அடிப்பார். வாலிபர் கூடுகையில் தம்பிமார் என்னிடம் கேட்கும் சுகாதாரக் கேள்விகளிலும் இது அடிக்கடி வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை சேவ் எடுக்க வேண்டும் அக்கா? தினமும் எடுத்தால் முடி தடிக்குமா? நான் தாதி என்பதால் கேட்கிறார்கள். ஒரு காலை வேலையில் நான் எத்தனை கன்னம் வழிக்கிறேன் என்று தெரிந்தால் இன்னும் கேட்பார்கள்.

முதலில் அம்மாவின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் சவரம் செய்யாத முகம் என்றால் துக்கத்தின் முகம். செத்தவீடு நடந்த வீட்டு ஆண்கள் சில நாட்களுக்கு முகத்தில் கத்தி வைக்காமல் இருப்பது வழக்கம். கிறிஸ்தவ வீடுகளிலும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் காதல் தோல்வி. பழைய தமிழ்ப் படங்கள் அதற்குச் சாட்சி. ஆகவே இருபது வயது மகன் தாடியோடு வந்து நிற்கும்போது அம்மாவின் மனதில் ஸ்டைல் முதலில் வருவதில்லை.

வேதாகமத்திலும் இந்த வழக்கம் உண்டு. தாவீது ராஜா எருசலேமை விட்டுப் போன நாள் முதல் சமாதானத்தோடு திரும்பி வந்த நாள் வரை மேவிபோசேத் தன் தாடியைக் கவனிக்கவே இல்லை என்று 2 சாமுவேல் 19 சொல்கிறது. ஆனால் யோபு துக்கத்தில் தலையைச் சிரைக்கிறார். எரேமியா 41-இல் துக்கத்தோடு கர்த்தருடைய ஆலயத்துக்கு வருகிற எண்பது பேரும் தாடியைச் சிரைத்துக்கொண்டு வருகிறார்கள். லேவியராகமம் 19 தாடியின் ஓரங்களைக் கெடுக்க வேண்டாம் என்கிறது. யோசேப்போ சிறையிலிருந்து பார்வோனிடம் போகுமுன் சவரம் செய்து, உடுப்பு மாற்றிக்கொண்டு போகிறார். எகிப்தில் அரசன் முன் நிற்க அதுதான் மரியாதை. அந்நிய நாட்டில் வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளை அந்த வசனம் எனக்கு எப்போதும் நினைவூட்டும். தாடி வைத்தவன் பக்தன், வழித்தவன் ஒழுக்கமானவன் என்று சண்டை பிடிக்க வேதத்தில் இடம் இல்லை. அம்மாவும் மகனும் வேறு விஷயத்துக்குச் சண்டை பிடிக்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தீர்மானிக்கிறது உங்கள் தோல். தாடி முடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வளரும்; மூன்று நாளில் ஒரு மில்லிமீற்றர். பிளேட் முடியை மட்டும் வெட்டுவதில்லை, தோலின் மேலிருந்தும் மெல்லிய படை ஒன்றைச் சுரண்டி எடுக்கிறது. அது ஆறுவதற்கு ஒரு நாள் போதுமானவர்கள் தினமும் எடுக்கலாம். எரிவும் சிவப்பும் வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடட்டும். ஜேர்மன்காரர் அந்த இடைவெளிக்கு "மூன்று நாள் தாடி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

சுருண்ட, தடித்த முடி உள்ள பெடியளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மிகக் கிட்ட வெட்டிய முடி வளரும்போது சுருண்டு, திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். கழுத்தில் சின்னச் சின்னக் குருக்கள் வந்து கறுப்பாகத் தழும்பு விழுவது பெரும்பாலும் இதனால்தான். நாலைந்து பிளேட் அடுக்கிய றேசர் இதைக் கூட்டும்; முதல் பிளேட் முடியை இழுக்க, அடுத்தது வெட்ட, முடியின் நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. இவர்களுக்கு ஒற்றை பிளேட் நல்லது, அல்லது மெஷினால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுவது. சீழ் வைத்தால் தோல் வைத்தியரிடம் போங்கள், பிதுக்க வேண்டாம். முடி தடிக்கும் என்ற பயம் வேண்டாம். 1928-இலேயே மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று விஞ்ஞானி அதை அளந்து பார்த்து, சவரத்தால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று எழுதிவிட்டார். இயல்பாகக் கூராக இருக்கும் நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான்.

இனி, கன்னத்தை நனைத்து, சவர்க்கார நுரை போட்டு எடுக்கும் பழைய முறைச் சவரம். ஜேர்மனியில் இருந்துகொண்டு இதைப் பழகாமல் இருப்பது, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கறுத்தக்கொழும்பான் சாப்பிடாமல் இருப்பது மாதிரி. டுசில்டோர்ப், வுப்பெற்றால் பக்கம் இருப்பவர்களுக்குச் சோலிங்கன் கூப்பிடு தூரம். நூற்றாண்டுகளாகக் கத்தி செய்கிற ஊர். அந்த ஊரில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938 முதல் சட்டம் இருக்கிறது. கிராஃப்றாத் பகுதியில், ஒரு பழைய மடத்துக் கட்டடத்தில், கத்திகளுக்கென்றே அருங்காட்சியகமும் உண்டு. (வாலிபர் சுற்றுலாவுக்கு ஒவ்வொரு வருடமும் ஊஞ்சலும் ராட்டினமும் தேடிப் போகிறோம், ஒருமுறை அங்கே போகலாம்.) என் அம்மப்பாவின் மடக்குக் கத்தியிலும் சோலிங்கன் என்று பொறித்திருந்தது. அது ஒரு ஊர் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

மடக்குக் கத்தி வேண்டாம். ஒற்றை பிளேட் போடுகிற, உலோகக் கைபிடி உள்ள பழைய மாதிரி றேசர் போதும். ஜில்லெட் என்பவர் 1904-இல் காப்புரிமை பெற்றது அந்த வகைதான். ஒருமுறை வாங்கினால் உங்கள் பிள்ளைக்கும் உதவும். பத்து பிளேட் உள்ள பெட்டி ஒரு சில யூரோதான். ஊருக்குப் பறக்கும்போது மட்டும் பிளேட்டைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

குளித்த கையோடு செய்யுங்கள், அல்லது சுடுதண்ணியில் நனைத்த துவாயை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். காய்ந்த தாடி முடி கம்பி மாதிரி. ஊறினால் மெதுமையாகி லேசாக வெட்டுப்படும். பிறஷைச் சவர்க்காரத்தில் சுழற்றி, நுரையைக் கன்னத்தில் வட்டமாகத் தேயுங்கள். படுத்திருக்கும் முடி எழுந்து நிற்கும். றேசரை ஏறக்குறைய 30 பாகை சரித்துப் பிடித்து, அதன் சொந்தப் பாரத்திலேயே இறங்க விடுங்கள். அழுத்துகிறவனுக்குத்தான் வெட்டும். முடி எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமே வழியுங்கள். கழுத்தில் அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு திசையில் போகும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பிறகு குளிர்ந்த தண்ணி. வெட்டினால் படிகாரம், ஊர்ச் சலூனில் இருந்த அதே கல்தான் இங்கே மருந்துக்கடையில் அழகான பெட்டியில் கிடைக்கிறது. றேசரை அண்ணனோடுகூடப் பகிர வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும்.

இந்தப் பத்து நிமிடமும் கை ஈரமாக இருப்பதால் போனைத் தொட முடியாது. அதுவே ஒரு சுகம் என்று ஒரு தம்பி சொன்னான்.

வார்ட்டில் எனக்குக் கிடைக்கும் பத்து நிமிடம் வேறு மாதிரி. காலையில் கழுவுதல், உடுப்பு மாற்றுதல், பல் விளக்குதல் என்ற வரிசையில் சவரமும் ஒன்று. ஆள் குறைந்த நாளில் முதலில் தள்ளிப்போவதும் அதுதான், சவரம் செய்யாததால் யாரும் சாவதில்லை. ஆனால் மூன்று நாள் தள்ளிப்போன ஒருவரைப் பார்க்க வந்த மனைவி கதவடியில் ஒரு கணம் தயங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

பாரிசவாதத்தில் மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு உலகத்தின் இடது பாதி இல்லாமல் போய்விடும். கண் பார்க்கும், மனம் அந்தப் பக்கத்தை எண்ணாது. தட்டில் வலது பக்கத்துச் சாப்பாட்டை மட்டும் சாப்பிடுவார். றேசரைக் கொடுத்தால் வலது கன்னத்தை அழகாக வழித்து, முடிந்தது என்று கீழே வைப்பார். இடது கன்னம் நுரையோடு அப்படியே இருக்கும். அம்மோனியரின் ராஜா ஆனூன், தாவீதின் ஊழியக்காரருக்குப் பாதித் தாடியைச் சிரைத்து அனுப்பியதும், தாடி வளரும்வரை எரிகோவில் இருங்கள் என்று தாவீது அவர்களுக்குச் சொல்லி அனுப்பியதும் 2 சாமுவேல் 10-இல் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் அந்தக் கதைக்குச் சிரிப்போம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவருடைய இடது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து அவருடைய இடது கன்னத்தில் வைத்து, "இஞ்சையும் இருக்கு" என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். அது சிகிச்சையின் ஒரு பகுதி.

மறதிநோய் உள்ளவர்களுக்கு நான் பிறஷைத்தான் முதலில் கொடுப்பேன். சவர்க்கார மணம் போதும். மகளின் பெயரை மறந்த ஒருவர், மேலுதட்டை வழிக்கும்போது உதட்டை உள்ளே மடித்துப் பிடிக்க மறக்கவில்லை.

இந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் முகத்தில் கை வைத்துச் சவரம் செய்வதை எங்கள் சமூகம் ஒரு சாதியின் தலையில் கட்டியது. பிறகு அந்தச் சாதியின் பெயரையே வசையாக்கியது. தமிழ்நாட்டில் அதே மக்களுக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு. அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் நாவிதர்தான் நீண்ட காலம் காயம் கட்டினார், பல் பிடுங்கினார். முகம் வழிப்பதும் நோயாளியைப் பார்ப்பதும் ஒரே கையின் வேலையாக இருந்திருக்கிறது. அதற்கு இங்கே எனக்குப் பட்டமும் சம்பளமும் தருகிறார்கள். "படிச்சுப்போட்டு உந்த வேலையோ பிள்ளை?" என்று ஒரு மாமா கேட்டார். சீஷரின் காலைக் கழுவிய ஆண்டவரைக் கும்பிடுகிற வீட்டில் அந்தக் கேள்வி எப்படி வருகிறது என்று யோசித்தேன். வாய் திறக்கவில்லை, வயதில் மூத்தவர்.

1980-களில் இந்த நாட்டுக்கு வந்த அப்பாமாரில் பலர் இப்போது எழுபதைத் தொடுகிறார்கள். உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் நின்று உழைத்து, விடிய முன் எழும்பி முகம் வழித்துவிட்டுப் போனவர்கள். வைத்தியசாலைக் கட்டிலில் அவர்கள் எதையும் கேட்பதில்லை. "வேண்டாம் பிள்ளை, பரவாயில்லை." மகன் மாலையில் வேலை முடிந்து வருவான், கட்டிலருகே நின்று, கையை என்ன செய்வதென்று தெரியாமல் போனைப் பார்ப்பான். அன்பு இல்லாமல் இல்லை. அப்பாவைத் தொடுவதற்கு அவனுக்கு ஒரு வேலை தேவை. அப்படி ஒருவனிடம் நான் நுரைக் கிண்ணத்தையும் றேசரையும் கொடுத்தேன். முதல் நாள் அரை மணித்தியாலம் எடுத்தது, இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா, "கழுத்தில கீழ இருந்து மேல எடு, எனக்கு அப்பிடித்தான் வளருது" என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த கிழமை அவருடைய அப்பாவைப் பற்றிய கதை நடந்துகொண்டிருந்தது.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் முகத்திலோ, அப்பா சுகமாக இருக்கும்போது அவர் முகத்திலோ பழகிக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குச் செய்யும்போது சில விஷயங்கள் மாறும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். எடுக்கிறார் என்றால் பிளேட் வேண்டாம், மின்சார மெஷின்தான். ஒப்பரேசன் இருந்தால் அந்த இடத்து முடியை வீட்டில் வழித்துவிட்டு வராதீர்கள். பிளேட் விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் கிருமி ஏறும், 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. தேவை என்றால் நாங்கள் மெஷினால் வெட்டுவோம். கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, கழுத்தின் கீழ் துவாய் போடுங்கள். கட்டுப்பல் இருந்தால் போடச் சொல்லுங்கள், கன்னம் நிரம்பினால் பிளேட் வழுக்காமல் போகும். தளர்ந்த தோலை மற்றக் கை விரலால் மெதுவாக இழுத்துப் பிடித்து, சின்னச் சின்ன இழுப்பாக எடுங்கள். மூக்கைப் பிடிக்க வேண்டாம், யாருக்கும் பிடிக்காது.

மீசையைக் கேட்காமல் தொடாதீர்கள். எங்கள் அப்பாமார் பலருக்குக் கலியாணப் படத்தில் இருந்த அதே மீசைதான் இன்றைக்கும். பேச முடியாதவராக இருந்தால் அவருடைய பழைய படம் ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். அதைப் பார்த்து எங்கள் ஜேர்மன் சகபாடிகளும் விட்டுவிடுவார்கள். முடிந்ததும் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுங்கள். இரண்டு பக்கமும் சரியா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.