கட்டுச்சோற்றுப் பயணங்கள்

"பிரயாணக் கட்டுரை ஒன்று தாருங்கள்" என்று சஞ்சிகையாசிரியர் என்னைக் கேட்டபொழுது சிறிது திகைத்தேன். நம் கலாசாலை ஆசிரியர்களுள் இமயத்தின் அடிவாரம் வரை சென்று வந்தோர் உளர். கடல் கடந்து சென்று படித்து மீண்டோரும் உளர். எனக்கோ, அலுவல் நிமித்தமாக இரண்டொரு முறை சென்னைக்குச் சென்றதைத் தவிர, பாளையங்கோட்டையை விட்டு 60 கிலோமீட்டருக்கு அப்பால் இன்பங்கருதிச் சென்ற பிரயாணம் ஒன்றேனும் இல்லை. கணிதம் கற்பிக்கும் என்னுடைய தமிழ்நடையும் கணக்கைப் போலவே வறண்டது. இவ்விரு குறைகளையும் முன்னதாகவே ஒப்புக்கொண்டு, எங்கள் குடும்பத்தார் ஆண்டுதோறும் மேற்கொண்ட சிறு பயணங்களைப் பற்றியே எழுதத் துணிகிறேன்.

என் தந்தையார் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதி வந்தார். வாரத்தில் ஞாயிறு ஒன்றே அவருக்கு ஓய்வு நாள். ஆகவே, காலையில் புறப்பட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய இடங்களே எங்களுக்கு உலகமாயின. "எங்கேயும் தங்கக் கூடாது, எங்கேயும் விலைக்குச் சோறு வாங்கக் கூடாது" என்பன அவருடைய இரண்டு சட்டங்கள். இவற்றுக்குட்பட்டு ஆண்டுக்கு மூன்று பயணங்கள் உண்டு. சித்திரையில் பனங்காடு, ஆடியில் குற்றாலம், மாசியில் கூந்தன்குளம். பள்ளித்தோழர் சிலர் கோடை விடுமுறைக்கு உதகமண்டலம் சென்று, கம்பளிச் சட்டையோடு எடுத்த படங்களைக் காட்டுவர். நான் பதநீர் குடித்ததைச் சொல்ல வெட்கி, ஒன்றும் சொல்லாமலிருந்து விடுவேன்.

பயணம் என்றால் எங்களுக்குப் பகலிலே தொடங்குவது. என் தாயாருக்கோ முந்திய நாள் இரவே தொடங்கிவிடும். புளியைக் கரைத்துக் காய்ச்சி இறக்குவதற்குள் நாங்கள் உறங்கிப் போவோம். விழிக்கும்பொழுது புளியோதரை வாழையிலையிற் பொதிந்து கட்டப்பட்டிருக்கும்; இட்லிகள் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவப்பெற்றுத் தூக்குப் பாத்திரத்தில் அடுக்கப்பட்டிருக்கும்; தயிர்ச்சோறு வழியிலே புளித்துவிடாதபடி பாலூற்றிப் பிசைந்து, மிகச் சிறிது தயிரே சேர்த்திருக்கும். தாயாருக்குப் பேருந்திலே அமர இடம் கிடைத்தவுடன் கண்ணயர்ந்து விடுவார். சாளரத்தின் வழியே அவர் எதையும் கண்டதாக எனக்கு நினைவில்லை. இதை அக்காலத்தில் நாங்கள் யாரும் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. இப்பொழுது எழுதும்பொழுதுதான் தோன்றுகிறது.

திசையன்விளைப் பக்கத்தில் தந்தையாரின் அத்தை ஒருவர் இருந்தார். அவர் வீட்டின் பின்புறத்தே பனைகள் செம்மண் நிலத்தில் வரிசையின்றி நின்றன. பனையேறி ஒருவர், பெயரைச் சொல்வதற்கில்லை, கால்களில் தளைநாரும் இடுப்பில் அரிவாட்பெட்டியுமாக விடியுமுன் ஏறத் தொடங்கிவிடுவார். பாளையை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஊறல் குன்றிவிடும் என்பார். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதனால்தான் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது என்பதை நான் இரசாயன வகுப்பிலே கற்கவில்லை, அவரிடமே கற்றேன். இளவோலையை மடித்துப் பட்டையாகக் கட்டி, அதில் பதநீரை வார்த்து, நுங்கைக் கீறிப் போட்டுத் தருவார். இரு கைகளாலும் பட்டையைப் பிடித்து ஓரத்தில் வாய்வைத்துக் குடிக்க வேண்டும். எனக்குப் பாதி மார்பிலே வழிந்துவிடும். பனை நம் மாநிலத்தின் மரமென்று பெருமை பேசுகிறோம், ஏறுவார் குறைந்துவிட்டனர். அந்தப் பனையேறியின் மக்களுள் ஒருவரும் பனையேறவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. ஒரு பருவத்துக்குள் எத்தனை முறை அந்த உயரத்துக்கு ஏறி இறங்கினார் என்பதைச் சிறுவனாயிருந்தபொழுது கணக்கிட்டுப் பார்த்தவன் நான்.

குற்றாலத்தைப் பற்றி விரித்தெழுதப் போவதில்லை. அதைப் பாடாத புலவரும் எழுதாத மாணவரும் நம் ஜில்லாவில் இல்லை. ஆனியிலும் ஆடியிலும் பாளையங்கோட்டையில் வெயிலும் புழுதிக் காற்றும் வாட்டுகையில், தென்காசியை நெருங்கியவுடன் முகத்திலே சாரல் வந்து படும். மேற்கே ஆரியங்காவுக் கணவாய் தென்மேற்குக் காற்றுக்கு வழிவிட்டு நிற்பதே இதற்குக் காரணம் என்பர். அருவியில் எங்களை விடுமுன் தந்தையார் கால்மணி நேரமாவது கரையில் நின்று நீரையே பார்த்துக்கொண்டிருப்பார். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மலைமேல் மழை பெய்கிறது என்று சொல்லி உடனே எங்களை வெளியே இழுத்துவிடுவார். ஏனையோர் குதித்துக் களிக்கையில் நாங்கள் மட்டும் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்போம். அது கோழைத்தனம் என்று அப்பொழுது எண்ணினேன். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பெருகி ஒரு மாணவனை அடித்துச் சென்ற செய்தியைப் படித்த அன்று, அந்தக் கால்மணி நேரங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

நிற்க. நான் சொல்ல வந்தது கூந்தன்குளத்தைப் பற்றியே.

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் அவ்வூரை அடையலாம். அரசாங்கத்தார் 1994-இல் அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பெற்றது. நாங்கள் போகத் தொடங்கிய காலத்தில் பலகையும் இல்லை, பட்டியலும் இல்லை. வடகிழக்குப் பருவமழையால் நிறைந்த குளமும், குளத்துக்குள்ளே நிற்கும் கருவேல மரங்களும், அவற்றின் மீது இலை தெரியாதபடி பறவைகளும் இருந்தன. மார்கழி, தை மாதங்களில் வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, ஆனி, ஆடியில் குஞ்சுகளோடு சென்றுவிடும். கூழைக்கடாக்களும், வால்புறத்தே ரோஜா நிறம் தீட்டியது போன்ற மஞ்சள்மூக்கு நாரைகளும் மிகுதி. இமயத்துக்கு வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் அம்மலைத் தொடரையே தாண்டிப் பறந்து வந்து, குளிர்காலத்தை இங்கே கழிக்கும். இமயத்தைக் கண்ட பிராணிகளை நாங்கள் மூலைக்கரைப்பட்டிப் பேருந்தில் ஏறிச் சென்று கண்டோம்.

பறவைகளைக் காட்டிலும் எனக்கு வியப்பளித்தவர் அவ்வூர் மக்களே. குளத்தில் இடம் போதாத நாரைகள் தெருவிலுள்ள வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் கூரையிலும் முற்றத்திலும் விழுகிறது. அதன் நாற்றமோ சொல்லுந்தரமன்று. எனினும் கல்லெறிவாரில்லை. பறவை வந்த ஆண்டு விளைவு நன்றாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாவதால் அந்நம்பிக்கையில் கணக்கும் இருக்கிறது. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் விட்டுவிட்டனர். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சைத் தாவணியிலே ஏந்திச் சென்ற ஒரு சிறுமியை நானே கண்டிருக்கிறேன்.

அங்கே தந்தையார் பறவைகளை எண்ணுவார். குளக்கரையில் ஒரு குறிப்பிட்ட கருவேல மரத்தைத் தேர்ந்துகொண்டு, அதிலுள்ள நாரைகளை மட்டும் எண்ணி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்வார். அதே நோட்டில்தான் பயணச் செலவும் எழுதப்படும். பேருந்துக் கட்டணம், தேநீர், பறவை எண்ணிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில், மண்டிப் பேரேட்டின் ஒழுங்கோடு இருக்கும்.

1999-ஆம் ஆண்டு மாசியில் நான் இதே கலாசாலையில் இளங்கலை இறுதி வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். "ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் போகிறோம். நீயும் வா, தம்பி, எண்ணுவதற்கு ஆள் வேண்டும்" என்றார் தந்தையார். அது அவருடைய வழக்கமான வேடிக்கைப் பேச்சு என்று எண்ணினேன். தாயோடும் தங்கையோடும் தூக்குப் பாத்திரத்தைச் சுமந்து செல்வது, மீசை அரும்பிய எனக்கு இழிவாகப் பட்டது. அன்று சிறப்பு வகுப்பு இருக்கிறதென்று பொய்யுரைத்துவிட்டு, நண்பர்களோடு சினிமாவுக்குச் சென்றேன். அவர்கள் மாலையில் திரும்பினார்கள். எனக்கென்று முறுக்குப் பொட்டலம் ஒன்று வந்தது. அதன்பின் அப்பயணங்கள் மெல்ல நின்றுபோயின. ஏன் நின்றன என்று நான் கேட்கவில்லை.

2003-இல்தான் தந்தையாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மண்டியின் கணக்கில் தவறு நேரத் தொடங்கிய பின்பே அவர் சம்மதித்தார். கண்ணுக்குள் நீரழுத்தம் மிகுந்து நரம்பு கெட்டுவிட்டதென்றும், இழந்த பார்வையை மீட்க இயலாதென்றும், இருப்பதைக் காக்க முயலலாமென்றும் மருத்துவர் சொன்னார். இந்நோய் வலியின்றி வருமாம்; பெரும்பாலும் பார்வையின் ஓரங்களையே முதலில் தின்னுமாம். எஞ்சியதும் சிறிது சிறிதாகக் குறைந்து, 2012-க்குள் வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவருக்குத் தெரிந்தன.

இவ்வாண்டு, அஃதாவது 2025-இல், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கப் பரணைக் காலிசெய்த பொழுது அந்த நோட்டு அகப்பட்டது. 1999 மாசிப் பக்கத்தைத் தேடித் திருப்பினேன். பேருந்து, மூவர். தேநீர், இரண்டு. முறுக்கு, மூத்தவனுக்கு. அதன்கீழே பறவைகளின் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் இவ்வாறு எழுதியிருந்தார்: "மரத்தின் நடுப்பகுதி தெரிகிறது. ஓரத்திலுள்ளவை தெரியவில்லை. மூன்று முறையும் மூன்று தொகை வந்தது. நிறுத்திவிட்டேன்."

பரணின் ஏணியிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்றது வேடிக்கையன்று. அன்று உடன் சென்றிருந்தால், அவருடைய எண்ணிக்கை தவறுவதை நான் கண்டிருப்பேன். கணக்கிலே அவர் தவற மாட்டார் என்பதை நன்கறிந்தவன் நான். நான்கு ஆண்டுகள் முன்னதாக மருத்துவரிடம் சென்றிருப்போம்.

அன்றிரவு அவரிடம், சிறப்பு வகுப்பு ஒன்றும் இருக்கவில்லை என்பதைச் சொன்னேன். "தெரியும். உன் சட்டைப்பையில் சினிமாச் சீட்டு இருந்தது. துவைக்குமுன் உன் அம்மா எடுத்து வைத்தாள்" என்றார். பிறகு, "படம் நன்றாயிருந்ததா?" என்று கேட்டார். எனக்குப் படத்தின் பெயர்கூட நினைவில்லை.

மாசியில் கூந்தன்குளம் போவதென்று முடிவாயிற்று. தாயார் ஒரு நிபந்தனை விதித்தார்: "இம்முறை கட்டுச்சோறு நீ கட்டு. நான் பேருந்தில் வெளியே பார்த்துக்கொண்டு வரப்போகிறேன்." நானும் என் மனைவியும் இரவு 11 மணி வரை புளியோடு போராடினோம். உப்பு மிகுந்துவிட்டது. தாயார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உண்டு, தண்ணீர் மட்டும் இருமுறை வாங்கிக் குடித்தார். ஆயினும் மூலைக்கரைப்பட்டி வரையில் அவர் கண்ணை மூடவேயில்லை.

தந்தையார் குறித்த மரம் இப்பொழுது இல்லை. அதனருகே நின்ற வேறொன்றைத் தேர்ந்தோம். பேருந்திலிருந்து இறங்குமுன்பே நாற்றத்தைக் கொண்டு, "இவ்வாண்டு நிறைய வந்திருக்கின்றன" என்று சொல்லிவிட்டார். பெரிய நாரைகள் குரலெழுப்புவது அரிது. அலகோடு அலகு தட்டும் ஒலிதான் கேட்கும். குஞ்சுகளோ இரைக்காக ஓயாமற் கத்தும். அந்த இரைச்சலில் எது எந்தத் திசையென்று விரலால் காட்டிக்கொண்டேயிருந்தார்.

ஒன்பது வயதான என் மகள் எண்ணினாள். அவர் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு புளியங்கொட்டையை வலக்கையிலிருந்து இடப்பையில் போட்டார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"நாற்பத்து மூன்று, தாத்தா."

"நடுவிலே ஒன்று பறந்து போயிற்று என்றாயே, அது திரும்பி வந்ததா?"

"வந்தது. அதையும் எண்ணினேன்."

"போகுமுன்பே அதை எண்ணிவிட்டாய், அம்மா. நாற்பத்திரண்டு."

அவள் ஒப்பவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அவரும் கொட்டைகளை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். மாலைப் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது.